கூகையின் குரல்: நிமித்தமும் குறியீடும்

ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்பது தமிழரிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் நம்பிக்கை. அப்பறவைக்குச் ‘சாக்குருவி’ என்று பெயரிட்டிருப்பதே அந்நம்பிக்கையின் வேர் எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டும். அலறல் எத்தனை முறை கேட்டது என எண்ணிப் பலன் சொல்லும் சகுனச் செய்யுள்களும் வழக்கில் உண்டு. இந்நம்பிக்கை வீட்டு முற்றத்தோடு நின்றிருந்தால் அதைப் பற்றி இலக்கியத் திறனாய்வு கவலைகொள்ள வேண்டியதில்லை. அது இலக்கிய வகுப்பினுள்ளும் வந்து அமர்ந்துகொண்டதுதான் சிக்கல். சங்கப் பாடலில் கூகை குழறினாலும் சரி, இக்காலச் சிறுகதையில் ஆந்தை அலறினாலும் சரி, ‘இது தீநிமித்தம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மாணவன் அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறான். ஆசிரியரும் அவ்விடையைச் சரியென்று திருத்திவிடுகிறார். அந்த ஒரு வரியில் பாடல் தொலைந்துபோகிறது.

நிமித்தம் வேறு, குறியீடு வேறு. நிமித்தத்திற்குப் பொருள் முன்னரே முடிவுசெய்யப்பட்டது; யார் கேட்டாலும் எப்போது கேட்டாலும் அது மாறாது. குறியீட்டிற்குப் பொருள் அது நிற்கும் இடத்திலிருந்து பிறக்கிறது. கேட்பவர் யார், அவர் நிலை என்ன, எந்நேரம் என்பவற்றால் அது தீர்மானிக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டை விளக்க ஆந்தையைப் போல உதவும் பறவை பிறிதொன்றில்லை. ஒரு நாட்டில் அறிவின் சின்னமாகவும் இன்னொரு நாட்டில் மரணத்தின் தூதாகவும், ஓர் இனத்தாருக்குக் காவல் தெய்வமாகவும் மற்றோர் இனத்தாருக்குப் பேயாகவும் விளங்குவது இந்த ஒரே பறவைதான்.

பறவையின் இயல்பு

ஒரே பறவை இத்துணை முரண்பட்ட பொருள்களைத் தாங்குவது எவ்வாறு? விடை பறவையின் உடலிலேயே தொடங்குகிறது. பெரும்பாலான பறவைகளுக்குக் கண்கள் தலையின் இருமருங்கிலும் அமைந்திருக்க, ஆந்தைக்கு அவை மனிதனுக்குப் போல முன்னோக்கி அமைந்துள்ளன. அக்கண்களைக் குழிக்குள் அசைக்க இயலாது. ஆகவே அது கழுத்தையே ஏறத்தாழ 270 பாகை வரை திருப்பிப் பார்க்கிறது. இறகின் விளிம்பில் உள்ள மென்மையான குஞ்சம் காற்றின் ஓசையை அடக்கிவிடுவதால் அது பறக்கும் ஒலி கேட்பதில்லை. கூகையின் செவித்துளைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக அமைந்திருப்பதால், இருட்டில் எலி நகரும் ஒலியைக் கொண்டே அது இருக்குமிடத்தைத் துல்லியமாக அறிந்துகொள்கிறது. பகலில் அதற்குக் கண் தெரியாது என்பது தவறான எண்ணம். பகலிலும் அதற்குப் பார்வை உண்டு. எனினும் அதன் ஆற்றல் முழுமையாக வெளிப்படுவது இரவில்தான்.

மனித முகத்தை ஒத்த முகம், இருளில் உலவும் வாழ்க்கை, திடுக்கிடவைக்கும் குரல், எலியை இரையாகக் கொள்ளும் இயல்பு ஆகிய இந்நான்கும் எல்லா நாட்டு ஆந்தைக்கும் ஏறக்குறையப் பொதுவானவை. ஒவ்வொரு சமுதாயமும் இந்நான்கில் தனக்கு வேண்டியதைத் தெரிந்தெடுத்துக்கொண்டது. கண்ணை எடுத்துக்கொண்டவர் அறிவைக் கண்டனர். குரலை எடுத்துக்கொண்டவர் மரணத்தைக் கேட்டனர். இரவில் விழித்திருப்பதை எடுத்துக்கொண்டவர் காவலைக் கண்டனர். ஆகவே, ஓர் இலக்கியத்தில் ஆந்தை வரும்போது எழுப்பத்தக்க வினாக்கள் இரண்டு: படைப்பாளி அப்பறவையின் எவ்வியல்பைத் தெரிந்தெடுத்தான்? அதனை யாருடைய செவி வழியாகக் கேட்கச் செய்தான்?

சங்கப் பாடல்களில் கூகை

தமிழின் பழம்பாடல்கள் இவ்விரு வினாக்களுக்கும் தெளிவாக விடை தருகின்றன. தொல்காப்பியம் புள்ளினைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது. அதன் மரபியல், பெண்பாற் பெயராகிய ‘அளகு’ என்பதைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாகக் கூறுகிறது. வீட்டுக் கோழியையும் காட்டுக் கூகையையும் ஒரே நூற்பாவில் சேர்த்துவைத்த அம்மரபில் கூகையின்பால் வெறுப்பு ஏதும் காணப்படவில்லை.

பெருந்தேவனார் பாடிய நற்றிணை 83ஆம் பாடல் முழுவதும் கூகையை விளித்துத் தோழி பேசும் பேச்சாகவே அமைந்துள்ளது. ஊர் வாயிலில், உண்ணுநீர்த் துறையருகே, தெய்வம் உறையும் முதிய மரத்தில் அக்கூகை வாழ்கிறது. ‘ஆட்டிறைச்சியும் நெய்யும் கலந்த வெண்சோற்றை எலியின் சூட்டிறைச்சியோடு நிறையத் தந்து உன்னைப் பேணுவோம், காதலர் வரவை விரும்பி நாங்கள் உறக்கமின்றிக் கலங்கும் இவ்வேளையில் உன் கடுங்குரலை எழுப்பாதே’ என்று தோழி வேண்டுகிறாள். கூகையின் குரல் அச்சந்தருவது என்பதை அவளும் மறுக்கவில்லை. ஆயினும் அவள் அஞ்சுவது சாவுக்கு அன்று. ஊரார் விழித்துக்கொண்டால் தலைவன் வரவு தடைபடும் என்பதே அவள் அச்சம். இன்னும் ஒன்று: தலைவன் மறைவில் நின்று இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதைத் துறைக்குறிப்பு உணர்த்துகிறது. கூகைக்குச் சொல்வதுபோலத் தலைவனுக்குச் சொல்லப்படும் செய்தி அது. ‘இரவில் இப்படி வந்துபோவது எளிதன்று, மணந்துகொள்’ என்பதே அதன் உட்பொருள். கூகையை இங்கே தீநிமித்தமாகக் கொண்டால் கையூட்டுக் கொடுத்து அதன் வாயை அடைக்க முயலும் தோழியின் நகைச்சுவையும் மறையும். திருமணத்தை வேண்டும் அவளது துயரமும் மறையும்.

அகநானூற்றின் 122ஆம் பாடலில் பரணர் இக்கருத்தை இன்னும் விரித்துக் காட்டுகிறார். இரவில் காதலரைச் சந்திக்கத் தடையாவன யாவை எனத் தலைவி அடுக்கிக் கூறுகிறாள். ஊர் உறங்கினால் தாய் உறங்கவில்லை; தாய் உறங்கினால் காவலர் திரிகின்றனர்; காவலர் ஓய்ந்தால் நாய் குரைக்கிறது; நாய் அடங்கினால் நிலவு எறிக்கிறது; நிலவு மறைந்தால் இல்லெலியை இரையாகக் கொள்ளும் கூகை குழறுகிறது; கூகை அடங்கினால் கோழி கூவிவிடுகிறது. இவையெல்லாம் அடங்கிய ஒரு நாளிலோ தலைவன் வரவில்லை. இந்நிரலில் கூகைக்கு முன்னே நிலவும் பின்னே கோழியும் நிற்கின்றன. நிலவைத் தீநிமித்தம் என்று யாரும் உரை சொல்வதில்லை. கோழியையும் அவ்வாறு சொல்வதில்லை. அவற்றிற்கு நடுவில் நிற்கும் கூகைக்கு மட்டும் சாவின் பொருளை ஏற்றுவது பாடலின் கட்டமைப்புக்கே மாறானது.

குறுந்தொகையின் 153ஆம் பாடலில் கபிலர் கூகையின் குரலை நெஞ்சின் மாற்றத்தை அளக்கும் கோலாக்குகிறார். குன்றத்துக் கூகை குழறினாலும், முற்றத்துப் பலாவின் கிளையில் ஆண்குரங்கு பாய்ந்தாலும் முன்பெல்லாம் தலைவியின் நெஞ்சம் நடுங்கும். இன்றோ அதே நெஞ்சம் இருள் சூழ்ந்த நீண்ட மலைச்சாரலில் தலைவன் பின்னே சென்று திரும்ப மறுக்கிறது. கூகை மாறவில்லை, அதன் குரலும் மாறவில்லை. கேட்பவள் மாறிவிட்டாள். காதல் அச்சத்தை விழுங்கிவிட்டது என்பதை இதைவிடச் சுருங்கச் சொல்லுதல் அரிது. கூகைக்கு நிலையான பொருள் உண்டெனக் கொண்டால் இப்பாடலே இல்லை.

கூகை சாவோடு சேர்ந்து வரும் பாடலும் உண்டு. புறநானூறு 364ஆம் பாடலில், முதுமரப் பொந்திலிருந்து கூகைக்கோழி ஒலிக்கும், முதுமக்கள் தாழிகள் நிறைந்த இடுகாடு காட்டப்படுகிறது. அப்பாடலில் அமைந்த தொடராலேயே புலவரும் ‘கூகைக்கோழியார்’ என்று பெயர்பெற்றார். ஒரு பறவையின் பெயரால் தமிழ்ப் புலவர் ஒருவர் நினைவுகூரப்படுவது எண்ணி மகிழத்தக்கது. ஆனால் அப்பாடல் அச்சுறுத்துவதற்காகப் பாடப்பட்டதன்று. அக்காட்டை அடையும் நாள் வருமுன்னே உண்டும் கொடுத்தும் மகிழ்ந்திருப்போம் என்று புலவர் அரசனை அழைக்கிறார். சாவின் குரல் இங்கே ஈகைக்கு விரைவு தருகிறது. அக்கூகை வரப்போகும் சாவை முன்னறிவிக்கவில்லை. எல்லாருக்கும் உள்ள சாவை நினைவூட்டுகிறது. நிமித்தம் அச்சத்தில் முடிய, இக்குறியீடு அறத்தில் முடிகிறது.

கூகையின் இன ஒலியை இனிமையாகக் கேட்ட செவியும் சங்ககாலத்தில் இருந்தது. நற்றிணை 394ஆம் பாடல், காட்டு மரத்திலிருந்து வரும் குடிஞையின் ஒலியைப் பொன்வேலை செய்யும் கொல்லனது ஒலியோடு ஒப்பிடுகிறது. ‘அலறல்’ என்ற ஒரு சொல்லால் மட்டுமே ஆந்தையை அறிந்தவர்களுக்கு இவ்வுவமை வியப்பளிக்கும்.

காக்கையும் கூகையும்

வள்ளுவர் கூகையைக் கையாண்ட முறை வேறு. ‘காலமறிதல்’ அதிகாரத்தின் முதற்குறளில், தன்னைவிட வலிய கூகையைக் காக்கை பகற்பொழுதில் வென்றுவிடுவதை எடுத்துக்காட்டிப் பகைவரை வெல்ல விரும்பும் வேந்தர்க்குக் காலமே தேவை என்கிறார். இங்குக் கூகை நன்மையும் அன்று, தீமையும் அன்று, வலிமையின் வடிவம். காலம் தவறினால் வலிமையும் தோற்கும் என்பதே கருத்து. பகலில் ஆந்தையைக் கண்டால் காக்கைகள் கூட்டமாகச் சூழ்ந்து துரத்துவதை இன்றும் காணலாம். கண்ணாற் கண்ட உண்மையின்மேல் கட்டப்பட்ட உவமை அது.

இப்பகையை வடமொழி நூல்களும் எடுத்தாண்டன. பஞ்சதந்திரத்தின் மூன்றாம் பகுதி காக்கைக்கும் கூகைக்கும் நடந்த போரைப் பற்றியது. காக்கையரசனின் முதிய அமைச்சன் அடைக்கலம் வேண்டுபவன்போல் நடித்துக் கூகைகளின் குகைக்குள் புகுகிறான், இரத்தாட்சன் என்னும் கூகை அமைச்சன் ஒருவனே அவனை நம்பவேண்டாமென எச்சரிக்கிறான், எச்சரிக்கை வீணாகிறது, ஒரு பகற்பொழுதில் குகை எரிகிறது. மகாபாரதத்தின் சௌப்திக பருவத்தில் இதன் மறுபக்கம் காட்டப்படுகிறது. ஆலமரத்தில் உறங்கும் காக்கைகளை இரவில் வந்த கூகை கொன்றுகுவிப்பதை அசுவத்தாமன் காண்கிறான். அதையே பாடமாகக் கொண்டு, உறங்கும் பகைவரைக் கொல்லத் துணிகிறான். கிருபர் தடுத்தும் கேளான்.

ஒரே இயற்கை உண்மை. அதிலிருந்து ஒருவர் காலத்தின் அருமையைக் கற்றார். ஒருவன் உறங்குவோரைக் கொல்லும் கொடுமையைக் கற்றான். பறவையைக் குறைகூற இதில் இடமில்லை. புத்த சாதகக் கதைகளுள் 270ஆம் கதையில் பறவைகள் கூகையை அரசனாக்க முனைகின்றன. ‘மகிழ்ச்சியான வேளையிலேயே முகம் இப்படி இருந்தால் சினந்தால் எப்படியிருக்கும்?’ என்று காக்கை தடுத்துவிடுகிறது. முகத்தைக் கண்டு தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தைத் தொடங்கிவைத்த திறனாய்வாளன் காக்கை என்றே சொல்லலாம்.

பிற நாடுகளில்

கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரத்தார் ஆந்தையைத் தங்கள் காவல் தெய்வமாகிய அதீனாவின் பறவையாகக் கொண்டனர். அந்நகரத்து வெள்ளி நாணயத்தின் ஒருபுறம் அத்தெய்வத்தின் தலையும் மறுபுறம் அகன்ற கண்களையுடைய ஆந்தையும் பொறிக்கப்பட்டன. மக்கள் அந்நாணயத்தையே ‘ஆந்தை’ என்று அழைத்தனர். இன்றும் கிரேக்க நாடு வெளியிடும் ஒரு யூரோ நாணயத்தில் அவ்வுருவம் காணப்படுகிறது. செருமானியத் தத்துவ அறிஞர் எகல் 1820இல் எழுதிய முன்னுரை ஒன்றில், அந்தி சாய்ந்தபின் பறக்கத் தொடங்கும் ஆந்தையைத் தத்துவத்திற்கு உவமையாக்கினார். ஒரு காலம் முடியும் தறுவாயில்தான் அக்காலத்தைப் பற்றிய அறிவு முழுமையடைகிறது என்பது அவர் கருத்து.

கிரேக்கரிடமிருந்து கலைகளையும் தெய்வங்களையும் பெருமளவில் ஏற்றுக்கொண்ட உரோமானியர் ஆந்தையைப் பற்றிய மதிப்பை மட்டும் அவ்வாறே ஏற்கவில்லை. அவர்களுக்கு அது சாப்பறவை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, தமது இயற்கை வரலாற்று நூலில் பேராந்தையைச் சாவுக்குரிய தீய சகுனம் என்று குறித்துவிட்டு, அது வீடுகளின்மேல் அமர்ந்தும் எவரும் இறவாமற்போன நிகழ்ச்சிகளைத் தாம் அறிந்திருப்பதையும் சேர்த்தே எழுதினார். மூடநம்பிக்கைக்கு எதிரான சான்று ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பதிவாகிவிட்டது. நம்பிக்கையோ இன்னும் சாகவில்லை.

சீன நாட்டில் அன்யாங் நகரருகே 1976இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட அரசி பூ ஹாவின் கல்லறையில் ஆந்தை வடிவில் செய்யப்பட்ட வெண்கல மதுக்கலங்கள் இரண்டு கிடைத்தன. சாங் மரபினர் ஆண்ட காலத்தில், இன்றைக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு, அரசியின் வழிபாட்டுக் கலத்தில் இடம்பெறத்தக்க பெருமை அப்பறவைக்கு இருந்தது என்பதை அவை காட்டுகின்றன. பின்வந்த காலத்தில் அதே நாட்டில், தாயைத் தின்னும் நன்றிகெட்ட பறவை என்ற பழி அதன்மேல் விழுந்தது. பெற்றோரைப் பேணுதல் தலையாய அறமான பின்பு, அவ்வறத்திற்கு மாறானதைக் காட்ட ஓர் உருவம் தேவைப்பட்டது. ஆந்தை அதற்கு அகப்பட்டுக்கொண்டது. பறவையின் இயல்பு மாறவில்லை. மக்களின் தேவை மாறிற்று.

சப்பானின் வடபகுதியில் வாழும் ஐனு மக்களுக்கு மீன் பிடித்துண்ணும் பேராந்தை ஊரைக் காக்கும் தெய்வம். ஊர் உறங்கும்போது விழித்திருப்பவன் பேயா, காவலனா என்ற வினாவுக்கு அவர்கள் காவலன் என்றே விடை கண்டனர். தம் இனத்தாரின் வாய்மொழிப் பாடல்களை எழுத்தில் பதிவுசெய்த சிரி யூகியே என்னும் இளம்பெண் 1922இல் பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த அவர் தொகுப்பின் முதற்பாடல் ஆந்தைத் தெய்வம் தானே தன் கதையைப் பாடுவதாக அமைந்துள்ளது. அழிந்துகொண்டிருந்த ஒரு மொழியின் இலக்கியத்திற்கு வாயிலாக நின்றது ஆந்தையின் குரல்.

மலாய் மரபில்

மலேசிய, சிங்கப்பூர் மாணவர்களுக்கு இவ்வுண்மையை விளக்கத் தொலைநாடுகளுக்குச் செல்லவும் வேண்டியதில்லை. மலாய் மொழியில் ஆந்தைக்குப் பொதுப்பெயர் ‘பூரோங் ஹந்து’. பேய்ப்பறவை என்பது அதன் நேர்ப்பொருள். அதே மொழியில் ஆந்தைக்கு ‘புங்குக்’ என்ற இன்னொரு பெயரும் உண்டு. எட்டாத நிலவை நோக்கி ஏங்கி அமர்ந்திருப்பது புங்குக். கைகூடாத காதலைச் சுட்டும் மலாய்ப் பழமொழி, நிலவுக்காக ஏங்கும் புங்குக்கைத்தான் உவமையாகச் சொல்கிறது. இவ்வேக்கத்தையே பொருளாகக் கொண்ட ‘ஷாயிர் பூரோங் புங்குக்’ என்னும் பழைய மலாய்ச் செய்யுளும் உண்டு. பேயும் காதலனும் ஒரே பறவையின் இரு பெயர்கள். சங்கப் பாடலில் காதலர்க்குத் தடையாகக் குழறிய பறவை, மலாய்ச் செய்யுளில் தானே காதலனாகி நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் வாய்ப்பு இந்நாட்டுத் தமிழாசிரியர்க்கே சிறப்பாக வாய்த்திருக்கிறது.

இந்நாட்டுத் தோட்ட வாழ்க்கை ஆந்தைக்கு இன்னுமொரு பொருளைச் சேர்த்தது. செம்பனைத் தோட்டங்களில் பழக்குலைகளைக் கடித்துப் பாழாக்கும் எலிகளை ஒழிக்க, மரக்கம்பங்களில் கூடுப்பெட்டிகளை அமைத்துக் கூகையைக் குடியேற்றும் முறை கடந்த நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து பரவியது. எலியைத் தின்னும் கூகையை நற்றிணையும் அகநானூறும் அறிந்திருந்தன. லயத்து வீட்டில் அதன் குரல் கேட்டு நடுங்கிய பாட்டியும், மறுநாள் காலையில் அதன் உதவியால் காக்கப்பட்ட குலைகளை அறுத்த மகனும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்திருக்கலாம். எழுத்தாளன் ஒருவன் தோட்டப்புறக் கதையில் ஆந்தையைக் கொண்டுவரும்போது இவ்விருவரில் யாருடைய செவியை அதற்குத் தருகிறான் என்பதே கதையின் தரத்தை முடிவுசெய்யும். நோயாளி படுத்திருக்கிறார், ஆந்தை அலறுகிறது, விடியலில் ஒப்பாரி கேட்கிறது என்று எழுதுபவன் கடன்வாங்கிய சகுனத்தை அப்படியே செலவிடுகிறான். அவ்வலறலைக் கேட்டு வீட்டார் ஒவ்வொருவரும் என்ன நினைத்தனர் என்று எழுதுபவனே குறியீட்டைப் படைக்கிறான்.

வாசிப்பின் பொறுப்பு

பறவைக்கு என்ன பொருள் சொன்னால் என்ன, அது வெறும் இலக்கியச் செய்திதானே என்று கருதுவோர் இருக்கலாம். வட இந்தியாவிலும் வங்காளத்திலும் ஆந்தை திருமகளின் ஊர்தியாகப் போற்றப்படுகிறது. திருமகளின் ஊர்தியைப் பலியிட்டால் செல்வம் தங்கும் என்ற மூடநம்பிக்கையால் தீபாவளியையொட்டி அங்கே ஆந்தைகள் பிடித்து விற்கப்படுவதும் கொல்லப்படுவதும் நிகழ்ந்துவருகின்றன. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைத் தடைசெய்தும் முற்றாக நிற்கவில்லை. சாவின் தூதென்று கருதி அதனைக் கல்லால் அடிப்பவனும், செல்வத்தின் ஊர்தியென்று கருதி அதன் கழுத்தை அறுப்பவனும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் குறியீட்டை நிமித்தமாகப் படித்துவிட்டனர். மனிதன் ஏற்றிய பொருளைப் பறவையின் உயிருக்குள் இருப்பதாக நம்பிவிட்டனர்.

இலக்கியப் பயிற்சியின் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. நற்றிணைத் தோழி கூகையின் குரலுக்கு அஞ்சினாள். ஆயினும் அதனை வெறுக்கவில்லை. தன் ஊர்த் துறையருகே வாழும் அண்டை உயிராகக் கருதி அதனோடு பேசினாள். சோறும் தருவதாகச் சொன்னாள். அச்சத்திற்கும் வெறுப்புக்கும் இடையிலுள்ள அவ்விடைவெளியை அறிந்திருந்தது பழந்தமிழ் உள்ளம். பிற்காலத்துச் சகுன நூல்கள் அவ்விடைவெளியை மூடிவிட்டன.

ஆகவே, தேர்வுத்தாளில் ‘இப்பாடலில் கூகை எதனைக் குறிக்கிறது?’ என்ற வினாவை ஆசிரியர்கள் சற்றே மாற்றிக் கேட்பது நன்று. ‘இப்பாடலில் கூகையின் குரலைக் கேட்பவர் யார்? அவர் எதற்கு அஞ்சுகிறார்?’ என்று கேட்கப்படுமானால், மாணவன் சகுனத்தை மறந்து பாடலுக்குத் திரும்புவான். அங்கே தூக்கமின்றி விழித்திருக்கும் ஒரு பெண்ணைக் காண்பான். அவளோடு சேர்ந்து, முதுமரத்தில் விழித்திருக்கும் ஒரு பறவையையும் காண்பான்.